கச்சான் காற்றின் கந்தோர்

எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது நான் மேற்குக் காற்றிடம் எழுதுவினைஞனாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. இந்த விஷயத்தை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஏற்கெனவே என்னைப் பற்றி அவளிடம் உள்ள அபிப்பிராயம் போதும். வளர்ந்த மனிதன் ஒருவன், ஆறு மாதம், ஒரு காற்றின் பெயரில் கையெழுத்துப் போட்டு இன்னொரு மனிதருக்குத் துண்டுக் கடிதம் எழுதியிருக்கிறான். அதைவிட வெட்கம் என்னவென்றால், அதை நான் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

கடிதங்களைப் பெற்றுக்கொண்ட மனிதரை நாங்கள் 'காத்தர்' என்று கூப்பிடுவோம். அது நாங்கள் வைத்த பட்டப்பெயர். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடைய வீட்டாருக்குச் சொந்தமானது.

இரண்டாம் உலக யுத்த காலம். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் சமறி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த ஒன்பது ஆண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரரை வைத்து, ஒருவருடைய குறட்டையை மற்றவர் சகித்து வாழ்ந்தால் அதற்குப் பெயர் சமறி. ஒழுங்கை முடியும் இடத்தில் கோச்சித் தண்டவாளம், அதற்கப்பால் கற்கள், அதற்கப்பால் கடல். மேற்குப் பக்கத்து அறை காத்தருடையது. அந்த அறையை வேறு எவரும் கேட்டதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் அங்கே படுத்தால் விடியும்போது தலைமயிரில் உப்புக் கிடக்கும்.

காத்தருக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியான நெடுவல். இரண்டு காதும் விரித்து வைத்த யன்னல் கதவு மாதிரி. கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. இளவயதில் லண்டன் மற்றிக்குலேசன் சோதனைக்காக, கொட்டாஞ்சேனையில் ஒரு பாதிரியாரிடம் லத்தீன் படிக்கப் போயிருக்கிறார். சோதனையில் நாலு தரம் தவறிவிட்டார். லத்தீன் இலக்கணம் அவருக்கு ஏறவில்லை. யுத்தங்களும் சக்கரவர்த்திகளும் ஏறவில்லை. சோதனையில் ஒருவரும் கேட்காத சின்னச் சின்ன ஆகாயக் கடவுள்கள் மட்டும் ஏறிவிட்டார்கள். ஏறியவர்கள் பிறகு இறங்கவேயில்லை.

"பெரியவைக்குக் கோயில் கிடக்கு, பூசை கிடக்கு. இந்தச் சின்னனுகளுக்கு ஆர் இருக்கினம்?" என்பார்.

எங்களுடைய காற்றுகளுக்கும் அந்த லத்தீன்காரரின் காற்றுகளுக்கும் அவரே சம்பந்தம் பேசி முடித்து வைத்திருந்தார். வடக்கு வாடைதான் போரியஸ். தெற்குச் சோளகம்தான் நோட்டஸ். கிழக்குக் கொண்டல்தான் யூரஸ். கச்சான்தான் சேபிரஸ். கச்சான் என்றால் சுருளில் விற்கிற கச்சான் கடலை அல்ல, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான். இவர்கள் எல்லாருக்கும் மேலே ஏயோலஸ் என்று ஒருவர்.

"அவர் தலைமைக் கிளாக்" என்று காத்தர் விளங்கப்படுத்துவார். "காத்துகளை ஒரு குகையுக்கை பூட்டி வைச்சுக்கொண்டு இருப்பார். மேலையிருந்து கடுதாசி வந்தால் கதவைத் திறந்து விடுவார். புயல் அடிச்சால் ஆக்கள் காத்தைத் திட்டினம். அதுக்கு என்ன தெரியும்? கையெழுத்து மேலையிருந்தெல்லோ வந்தது."

"அப்ப அண்ணை, உங்கடை போரியஸ் எத்தினையாம் வகுப்புக் கிளாக்?" என்று கேட்பார் தம்பிராசா. தம்பிராசா எங்கள் சமறியின் கணக்காளர். சிரிக்காமல் கேட்பதில் விண்ணர்.

காத்தரும் சிரிக்காமல் யோசிப்பார். "முதலாம் வகுப்பு. ஆனால் குணம் சரியில்லை. இனிப் பிரமோசன் கிடையாது."

அவர் பகிடி விடுகிறாரா, நிசமாகத்தான் சொல்கிறாரா என்று எங்களுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. காலையில் கோட்டைக்குக் கோச்சியில் போகும்போது, கடல் பக்கத்து யன்னலில் மழை அடித்தால் எல்லாரும் கதவை இழுத்து மூடுவார்கள். காத்தர் இருக்கும் இடத்தில் மட்டும் யன்னல் திறந்தே கிடக்கும்.

"இவ்வளவு தூரம் வந்தவனுக்கு முகத்திலை அடிச்ச மாதிரிக் கதவைச் சாத்துறதே?" என்பார். பாதிச் சட்டை நனைந்தபடி கந்தோருக்குள் போவார். அவருக்குப் பக்கத்தில் இருந்த குற்றத்துக்காக நானும் பல தடவை நனைந்து போயிருக்கிறேன்.

அவருடைய குணத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: கொண்டுவருகிறவனை அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. அந்த நாட்களில் தந்திச் சேவகன் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினால் வீடுகளில் கதை நின்றுவிடும். எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்வரை ஒருவரும் மூச்சுவிடமாட்டோம். காத்தர் மட்டும் படலைக்குப் போய் அவனை மறித்துத் தண்ணீர் கொடுப்பார். "மல்லி, வத்துற பொனவாத?" தம்பி, தண்ணீர் குடிக்கிறாயா என்று தன் யாழ்ப்பாணத்துச் சிங்களத்தில் கேட்பார். அவனும் சைக்கிளில் இருந்தபடியே குடித்துவிட்டுப் போவான்.

"ஏன் அண்ணை வலியப் போய் அவனைக் கூப்பிடுறியள்?" என்று நான் கேட்டேன்.

"பாவம். ஒருத்தரும் அவன்ரை முகத்தைப் பாக்கினமில்லை. எழுதினவன் அவனே?"

ஒருநாள் காலை நாங்கள் பைப்படியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறோம். மதிலில் ஈரம் மினுங்கியது. காத்தர் அதை விரலால் தொட்டுக்கொண்டு தொடங்கிவிட்டார்.

"நாலு காத்துக்கும் ஒரே தாய். விடியலின்ரை தெய்வம், அவுரோரா. அவவுக்கு வேறையும் ஒரு மகன் இருந்தவன். சண்டைக்குப் போனான், செத்துப்போனான். கிடந்த இடத்திலை கிடக்க விடாமல், காத்துகள் நாலும் இறங்கி வந்து, சகோதரனைத் தூக்கிக்கொண்டு போய்த் தாய்க்குக் குடுத்தினம். அண்டையிலை இருந்து அவ ஒவ்வொரு நாளும் விடிய அழுறா. உதுதான் பனி."

தம்பிராசா வாயைக் கொப்புளித்துத் துப்பினார். "அண்ணை, வெள்ளவத்தையிலை பனி எங்கை? உது பைப் ஒழுகுது."

எல்லாரும் சிரித்தோம். காத்தரும் சிரித்தார். அப்போது அவருடைய ஒரே மகன் கடலில் இருந்தான்.

பத்தொன்பது வயதுப் பெடியன். சரக்குக் கப்பலொன்றில் வயர்லஸ் வேலை. போக விடமாட்டேன் என்று தாய் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறா. தகப்பன்தான் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தவர். "எனக்குக் கடலிலை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், அவையள் பாத்துக்கொள்ளுவினம் எண்டு அவளுக்குச் சொன்னனான்" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவ சிரித்தாவோ என்று நாங்கள் கேட்கவில்லை.

கப்பல் எப்போது கொழும்புக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. யுத்தம் அப்படி. ஆனால் வந்தால் பெடியன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று, தாய் மாதம் ஒரு தகரப்பேணி நிறையப் பலகாரம் சுட்டு அனுப்புவா. அரியதரம், பயத்தம் பணியாரம், முறுக்கு. ஊரிலிருந்து வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். காத்தர் பேணியைத் தன் அறை இறாக்கையில் பத்து நாள் வைத்திருப்பார். கப்பல் வராவிட்டால், பழுதாகிப் போக முதல், பதினோராம் நாள் சமறிக்குப் பகிர்ந்து கொடுப்பார். அந்தப் பதினோராம் நாளை மிகச் சரியாக எண்ணிக்கொண்டிருந்த ஆள் நான்தான். என் தொந்திக்கு அடித்தளம் போட்டவை அந்தப் பேணிகள் என்று இன்றைக்கும் சொல்லலாம்.

வைகாசி மாதத்தில் ஒருநாள் காத்தருடைய வேட்டியைக் காற்று கொடியிலிருந்து கழற்றிக்கொண்டு போனது. அது மதிலைத் தாண்டி, பெரிய தெருவான காலி வீதியில் போன பஸ் ஒன்றின் மேல் ஏறி, டிக்கட் இல்லாமல் புறக்கோட்டைப் பக்கம் போய்விட்டதாகச் சமையல்காரர் பொன்னையா சாட்சி சொன்னார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கந்தோர்த் தாளில் பாதியைக் கிழித்து, கந்தோர் ஆங்கிலத்தில் எழுதி, காத்தருடைய யன்னல் சட்டத்தில் செருகிவிட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மேற்குக் காற்றுக் கந்தோர். தங்களுடைய வேட்டி ஒன்று கிடைக்கப்பெற்றது. கரை பழையது. அடுத்த தடவை நல்லதாகப் பார்த்துக் காயப்போடவும். இப்படிக்கு, சேபிரஸ், இரண்டாம் வகுப்பு எழுதுவினைஞன்.'

சாப்பாட்டு மேசையில் காத்தர் அதை எழுந்து நின்று வாசித்தார். சமறி உருண்டு புரண்டு சிரித்தது. என் கையெழுத்தை அவருக்குத் தெரியும். மறுநாள் அதே துண்டு அதே சட்டத்தில் இருந்தது. கீழே அவருடைய பதில்.

'வேட்டியை வைத்துக்கொள்ளவும். பதிலுக்கு ஓர் உபகாரம். என்னுடைய மகன் கப்பலில் இருக்கிறான். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பார்த்து அறியத் தரவும். அவனுக்கு லேசில் சளி பிடிக்கும். நெஞ்சில் அடிக்க வேண்டாம்.'

அப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. கிழமைக்கு ஒரு துண்டு. பெடியனுடைய கடிதங்கள் தணிக்கையில் கிடந்து, இரண்டு மாதம் மூன்று மாதம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை நான் நிரப்பினேன். நான் எழுதிய காற்றுக்கு வாய் நீளம்.

'உம்முடைய மகனைக் கண்டேன். காது உம்மைப் போலவே இருக்கிறது. அவன் மேல்தட்டில் நின்றால் கப்பலுக்குப் பாய் தேவையில்லை.'

'உம்முடைய முறைப்பாடு கிடைத்தது. நான் உம்முடைய அறைக்குள் மண் கொட்டவில்லை. அது நீர் கூட்டாமல் விட்டது.'

காத்தர் ஒவ்வொன்றையும் சாப்பாட்டு மேசையில் வாசிப்பார். வாசித்து முடிந்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்.

நான் வேலை செய்தது கோட்டையில், கப்பல்களுக்கு ஏஜன்சி பார்க்கிற ஒரு கந்தோரில். கப்பல்களைப் பற்றி வெளியில் மூச்சுவிடமாட்டேன் என்று எங்களிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். ஆவணி மாதம் ஒரு பின்னேரம், பெரிய கிளாக் ஒரு பட்டியலைத் தந்து படி எடுக்கச் சொன்னார். நடுவில் ஒரு கப்பலின் பெயர் சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், கடைசியாக வயர்லஸ் கேட்ட நாள். ஆடி மாதத்து நாள். அந்தக் கப்பலின் பெயரைக் காத்தருடைய வாயால் நான் ஒவ்வொரு கிழமையும் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதிலை ஆக்கள் தப்பினவையோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லையாம். சீமைக் கந்தோர்தான் வீட்டாருக்கு எழுதும். உமக்கு வேலை வேணுமெண்டால் வாயை மூடிக்கொண்டு இரும்."

அன்றைக்கு அந்த மாதப் பேணியின் பதினோராம் நாள். நான் வீட்டுக்கு வந்தபோது காத்தர் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். என் கையில் இரண்டு அரியதரம் வைத்தார்.

"ஒண்டு உமக்கு. மற்றது கச்சானுக்கு. ஆளுக்கு நீண்ட ஓட்டம், பசிக்கும்."

சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார். சாப்பிட்டேன். இரண்டையும்.

சொல்லியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த சத்தியத்தை இத்தனை வருசமாகச் சாட்டாகச் சொல்லி வருகிறேன். அது சாட்டுத்தான். அந்தக் கந்தோரின் இரகசியங்களில் நான் தம்பிராசாவிடம் சொல்லாதது ஒன்றும் இல்லை. உண்மை என்னவென்றால், சிரிக்க வைக்கிற வேலையைத் தவிர வேறொன்றையும் நான் பழகியிருக்கவில்லை. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே நின்று அப்படியான ஒரு வசனத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது? இன்றைக்குச் சொல்வோம் என்று காலையில் நினைப்பேன். பின்னேரம் ஒரு துண்டு எழுதுவேன். 'பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் மகன் நல்ல சுகம். நன்றாகச் சாப்பிடுகிறார்.' காத்தர் வாசிப்பார், மடிப்பார், பையில் வைப்பார்.

புரட்டாதியில் ஒரு பேணி வந்தது. ஐப்பசியில் ஒரு பேணி வந்தது. பதினோராம் நாள்களில் என் பங்கு பெருத்துக்கொண்டே போனது. அவர்தான் கூட்டிக் கூட்டி வைத்தார்.

கார்த்திகை பிறந்தது. காற்று மாறி வாடை தொடங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கந்தோரால் வந்து பார்க்கிறேன், யன்னல் சட்டத்தில் ஒரு துண்டு. காத்தருடைய அழகான கையெழுத்து.

'மேற்குக் காற்றுக்கு. தங்களுடைய பருவம் முடிந்து போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். என்னுடைய மகனின் திதியை அறியத் தரவும். நாள் மட்டும் போதும். பஞ்சாங்கத்தை நான் பார்த்துக்கொள்வேன்.'

திதி என்றால் செத்த நாள். வருசா வருசம் எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு அது வேண்டும். உடலும் இல்லை, சாம்பலும் இல்லை என்றால், கையில் மிஞ்சுகிறது அந்த ஒரு நாள்தான்.

நான் ஆடி மாதத்து அந்த நாளை எழுதினேன். கீழே சேபிரஸ் என்று போடவில்லை. என் பெயரைப் போட்டேன். யன்னலில் செருகாமல் கையில் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு கல்லில் அவர் இருந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

"அமாவாசைக்கு முதல் நாள் வருகுது" என்றார்.

"எப்ப இருந்து தெரியும் அண்ணை?"

"நீர் மரியாதையாய் எழுதத் தொடங்கின நாளிலை இருந்து." கடலைப் பார்த்தபடியே சொன்னார். "அதுவரைக்கும் காது பெரிசு, அறை ஊத்தை எண்டு எழுதின காத்து. ஒருநாள் 'பெருமதிப்புக்குரிய ஐயா' எண்டு வந்துது. எனக்கு விளங்காதே?"

"ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் சொல்லிப்போடுவீர்."

நான் அந்தக் கல்லில் இருந்து அழத் தொடங்கினேன். ஆறுதல் சொல்லப் போனவன் நான். முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர் அவர்.

"அந்த விடியல் தாய்க்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தினம்" என்றார். "என்ரை மனிசிக்கு ஒருத்தரும் கொண்டுவரேல்லை. உத்தரவு கிடைச்சிருக்காது." பிறகு, "அழாதையும். நீர் கொண்டுவாறவர்தானே. உம்மிலை பிழையில்லை" என்றார்.

மறுநாள் காலைக் கோச்சியில் ஊருக்குப் போனார். அவருடைய கந்தோருக்கு லீவுக் கடிதமும், பிறகு ஓய்வுக் கடிதமும் தபாலில் வந்தன. சமறிக்கு அவர் திரும்பி வரவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு சீமைக் கந்தோரிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அதில் மகன் செத்த நாள் இருக்கவில்லை.

இப்போது நான் கொட்டாஞ்சேனையில் குடும்பத்தோடு இருக்கிறேன். மழை அடித்தாலும் மேற்கு யன்னலைச் சாத்த விடமாட்டேன். பிள்ளைகளின் கொப்பிகள் நனைகின்றன என்று மனைவி ஏசுவாள். அவள் ஏசுவதில் நியாயம் இருக்கிறது.

அந்த வருச முடிவில் நடந்த மகனுடைய அந்தியேட்டிக்கு, அந்த இறுதிக் கிரியைக்கு, நானும் தம்பிராசாவும் போனோம். கீரிமலையில், கடலோரத்தில், உடல் இல்லாத கிரியை. ஐயர் கற்பூரம் கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம் ஐயர் சினந்து, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு குனிந்தார்.

"விடுங்கோ ஐயா" என்றார் காத்தர். "அவையளும் வந்திருக்கினம். கொஞ்சம் நிண்டு பாத்திட்டுப் போகட்டும்."

காத்தருடைய வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட்டு எழும்பினோம். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அவருடைய மனைவி வாளியோடு நின்றா. முன்பின் நாங்கள் கதைத்ததில்லை. என் கைக்குத் தண்ணீர் ஊற்றினா.

"தம்பிதானே கப்பல் கந்தோரிலை வேலை?"

"ஓம் அக்கா."

"உமக்கு எப்ப தெரியும்?"

ஒருநாளாவது உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். "ஆவணியிலை, அக்கா."

தண்ணீர் ஊற்றுவது நின்றது. ஈரக் கையின் விரல்களை மடக்கினா. ஆவணி. புரட்டாதி. ஐப்பசி. பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தா.

"அந்த மூண்டு பேணியையும் நீர்தானே திண்டது?"